உதவி: 'இஃப்' வாக்கியத்தில் 'வில்', 'வுட்', 'வுட் ஹேவ்' எது எப்போது வரும்?

கேள்வி: திருத்துறைப்பூண்டி மாணவி

வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலப் பகுதியில் 'இஃப்' வாக்கியம் வந்தாலே மதிப்பெண் போய்விடுகிறது. முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று சூத்திரங்களை மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் கேள்வித்தாளில் வகையின் எண் போட்டிருக்காதே!

'இஃப் த வாட்டர் கம்ஸ், வீ வில் பிளான்ட்.'
'இஃப் த வாட்டர் கேம், வீ வுட் பிளான்ட்.'

இரண்டுக்கும் 'தண்ணீர் வந்தால் நடுவோம்' என்றுதான் எழுத வருகிறது. இனிமேல் வரப்போகிற தண்ணீருக்கு 'கேம்' என்று இறந்தகாலம் எதற்கு? 'இஃப் த வாட்டர் வில் கம்' என்பது ஏன் தவறு? தயவுசெய்து யாராவது விளக்குங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், மன்னார்குடி

வகை எண்ணை ஒதுக்கி வையுங்கள் அம்மா. சொல்பவர் அந்தக் காரியம் நடக்கும் என்று எண்ணுகிறாரா, நடக்காது என்று எண்ணுகிறாரா, அல்லது அது நடக்காமலே முடிந்துவிட்டதா? இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மேட்டூர் அணையை வைத்தே சொல்கிறேன். அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12.

மே மாதக் கடைசியில் அணையில் 110 அடி தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விவசாயி நம்பிக்கையோடு சொல்வார்: 'இஃப் தே ஓப்பன் த டேம் ஆன் ஜூன் 12, வீ வில் சோ குறுவை.'

அதே மே மாதம் 40 அடிதான் இருக்கிறது, குடகிலும் மழை இல்லை என்றால்: 'இஃப் தே ஓப்பன்ட் த டேம் ஆன் ஜூன் 12, வீ வுட் சோ குறுவை.' நாள் அதேதான், அதுவும் இனி வரப்போகிற நாள்தான். நம்பிக்கை மட்டும் போய்விட்டது. ஆங்கிலத்தில் அந்த இறந்தகால வடிவம் இங்கே காலத்தைக் காட்டவில்லை. 'நடக்காது என்றே நினைக்கிறேன்' என்ற மனநிலையைக் காட்டுகிறது.

2024-ல் ஜூன் 12 அன்று அணை திறக்கவில்லை. ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். பம்பு செட் வைத்திருந்தவர்கள் குறுவை போட்டார்கள். ஆற்றுத் தண்ணீரை மட்டுமே நம்பியவர் இன்று சொல்வது: 'இஃப் தே ஹேட் ஓப்பன்ட் த டேம் ஆன் ஜூன் 12, வீ வுட் ஹேவ் சோன் குறுவை.' திறந்திருந்தால் விதைத்திருப்போம். தமிழிலும் 'இருந்தால்', 'இருப்போம்' என்று இரு பக்கமும் அப்படியே பொருந்துவதைப் பாருங்கள். எல்லோரும் பயப்படும் மூன்றாம் வகைதான் நமக்கு மிக எளியது. நாம் தடுமாறுவது இரண்டாவதில். அங்கே தமிழில் பெரும்பாலும் தனி வடிவம் இல்லை, 'வந்தால்' என்பதே இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது.

இறந்தகாலம் எதற்கு என்று கேட்டீர்கள். 'நாளைக்குத் தண்ணீர் வந்தால்' என்கிறோமே, அந்த 'வந்தால்' என்பதைப் பிரித்துப் பாருங்கள்: வந்த் + ஆல். உள்ளே இருப்பது 'வந்தான்' என்பதில் உள்ள அதே இறந்தகால அடி. 'பெய்தால்', 'நட்டால்' எல்லாம் அப்படித்தான். 'வருவால்' என்று நாம் சொல்வதில்லை. ஆங்கிலமும் அந்தப் பக்கத்தில் 'வில்' போடுவதில்லை.

பதில்: தனிப்பயிற்சி ஆசிரியை, பேராவூரணி

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தேர்வில் கோடிட்ட இடம் எந்தப் பாதியில் இருந்தாலும், மற்றப் பாதியை முதலில் படியுங்கள். அங்கே 'வுட் ஹேவ்' இருந்தால் 'இஃப்' பக்கம் பெரும்பாலும் 'ஹேட்'தான். ஆனால் 'நவ்', 'ஸ்டில்' போன்ற சொல் கண்ணில் பட்டால் நிதானியுங்கள். எங்கள் பக்கத்துத் தென்னை விவசாயி யாரும் சொல்லக்கூடியது: 'இஃப் கஜா ஹேட் நாட் ஹிட் அஸ் இன் 2018, அவர் ட்ரீஸ் வுட் ஸ்டில் பி ஸ்டாண்டிங்.' புயல் அடித்து முடிந்தது, அதனால் 'ஹேட்'. மரம் இல்லாத நிலை இன்றைக்கும் தொடர்கிறது, அதனால் வெறும் 'வுட்'. சூத்திரத்தை மட்டும் நம்புகிறவர்கள் இங்கே 'வுட் ஹேவ்' போட்டுவிடுகிறார்கள்.

'இஃப் ஐ வேர்', 'இஃப் ஐ வாஸ்' பற்றிக் கவலை வேண்டாம். பேச்சில் இரண்டும் உண்டு. தேர்வில் 'வேர்' எழுதுங்கள்.

திருத்துறைப்பூண்டி மாணவி

மிக்க நன்றி ஐயா, நன்றி அக்கா. 'வந்த் + ஆல்' என்று பிரித்ததும் பெரிய குழப்பம் தீர்ந்தது. நானாக எழுதியவை இவை, சரியா?

'இஃப் ஐ ஹேட் எ போர்வெல், ஐ வுட் நாட் வெயிட் ஃபார் த ரிவர்.'
'அன்லெஸ் த வாட்டர் டஸ் நாட் கம், த சம்பா வில் விதர்.'

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், மன்னார்குடி

முதலாவது மிகச் சரி. அங்கே 'ஹேட்' என்பது 'என்னிடம் இருந்தால்' என்ற முழு வினை. துணை வினை என்று எண்ணி 'வுட் ஹேவ்' பக்கம் போகாமல் இருந்தீர்களே, அதில் எனக்கு மகிழ்ச்சி. இரண்டாவதில் 'அன்லெஸ்' என்பதற்குள்ளேயே 'இல்லாவிட்டால்' என்ற எதிர்மறை இருக்கிறது. மேலே ஒரு 'நாட்' சேர்த்ததால், தண்ணீர் வந்தால் சம்பா காயும் என்று பொருள் புரண்டுவிட்டது. 'அன்லெஸ் த வாட்டர் கம்ஸ், த சம்பா வில் விதர்' என்று எழுதுங்கள். தண்ணீர் வராவிட்டால் சம்பா காய்ந்துவிடும். 'அன்லெஸ்' பக்கத்திலும் 'வில்' வராது என்பதையும் கவனியுங்கள்.