புதுப்பிப்பு: தம்பியின் விபத்து இழப்பீட்டு வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது

தச்சு வேலை செய்யும் என் தம்பிக்கு விபத்தில் வலது மணிக்கட்டு நொறுங்கியது. காப்பீட்டு நிறுவனம் ஊனச் சதவீதத்துக்கு மட்டும்தான் தருவேன் என்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, "ஊனத்தைச் சொல்லாதீர்கள், தொழில் இழப்பைக் கேளுங்கள்" என்ற யோசனைதான். மருத்துவக் குழு தந்தது 30%. உடல் ஊனச் சதவீதமும் அதனால் வரும் தொழில் இழப்பும் ஒன்றல்ல என்று சொல்லும், ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வக்கீல் எடுத்துவைத்தார். அப்புறம் கூண்டில் நின்ற தம்பியிடம் ஓர் உளியைப் பிடிக்கச் சொன்னார். இரண்டு விரல்கள் மடங்கவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தொழில் இழப்பு 50% என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது.

சம்பளச் சீட்டு கிடையாது என்பதால் மாத வருமானம் 12,000 என்று வைத்தார்கள். எதிர்கால உயர்வு 40% சேர்த்தால் 16,800. வயது 34, அதற்கான பெருக்கி (எத்தனை ஆண்டு வருமானத்தைக் கணக்கிடுவது என்று வயதை வைத்துத் தீர்மானிக்கும் எண்) 16. 16,800-ஐ 12 மாதத்தாலும் 16-ஆலும் பெருக்கி, அதில் தொழில் இழப்பு 50% எடுத்தால், ஆக 16,12,800 ரூபாய். மருத்துவச் செலவும் வலி வேதனைக்கான தொகையும் தனி.

எதிர்பாராத ஒன்று: மருந்துக்கடை பில்கள் சிலவற்றில் எழுத்து முழுக்க மங்கிப்போய், அவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

பணம் இன்னும் வரவில்லை. மேல்முறையீட்டுக்கு 90 நாள் இருக்கிறது.