பிரான்சில் மோட்டார்ஹோம்: இரவில் வண்டியை எங்கே நிறுத்துவது?

மான்செஸ்டர் மருமகள்:

ஆகஸ்ட் முதல் வாரம் டோவரில் கப்பல் ஏறி, கலே வழியாக அவிஞ்ஞோன் வரை போய்வரத் திட்டம். படுக்கை, சமையலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் ஏழு மீட்டர் மோட்டார்ஹோம் வண்டி ஒன்றை வாடகைக்குப் பேசிவிட்டோம். நானும் கணவரும், இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை. நாங்கள் கேட்ட கேம்பிங் மைதானங்களில் எல்லாம் இடமில்லை என்கிறார்கள். "நெடுஞ்சாலை ஓய்விடங்களில் கழிப்பறை, விளக்கு எல்லாம் இருக்கிறதே, அங்கேயே படுத்துக்கொள்ளலாம்" என்கிறார் கணவர். அத்தையோ பத்து கிலோ பொன்னி அரிசி, ஒரு டின் நெய், மின்சார அடுப்பு என்று மூட்டை கட்டிவிட்டார். இரவில் எங்கே நிறுத்துவது? போலீஸ் வந்து கதவைத் தட்டுமா?

ஸ்ட்ராஸ்பூர்க் கிழவன்:

அம்மா, நெடுஞ்சாலை ஓய்விடத்தில் மட்டும் தூங்கவே வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். பதினான்கு வருடங்களுக்கு முன் நானும் அவரைப் போலத்தான் நினைத்தேன். லியோனைத் தாண்டித் தெற்கே ஓர் ஓய்விடம். லாரிகளுக்கு நடுவே நிறுத்தினால் பத்திரம் என்று கணக்குப் போட்டேன். காலையில் பார்த்தால் ஓட்டுநர் பக்கக் கதவில், பூட்டுக்குக் கீழே, விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. மனைவியின் கைப்பையும் இல்லை, மாட்டியிருந்த என் கால்சட்டையும் இல்லை. நான்கு பேர் இரண்டடி தள்ளித்தான் படுத்திருந்தோம், ஒருவருக்கும் விழிப்பு வரவில்லை. காவல் நிலையத்துக்கு வேட்டியோடு போனேன். எங்கே தூங்கினோம் என்று கேட்டார்கள். சொன்னதும் வேறு எதுவும் கேட்காமல் எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரே சொல்லில்தான் குழப்பம். பிரெஞ்சில் நெடுஞ்சாலை ஓய்விடமும் 'ஏர்', ஊராட்சிகள் மோட்டார்ஹோம்களுக்காக ஒதுக்கியிருக்கும் இடமும் 'ஏர்'. (உழுகிற ஏர் அல்ல.) உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. நெடுஞ்சாலையை விட்டு இறங்கிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனால் ஏதாவது ஓர் ஊரில், விளையாட்டுத் திடலுக்கோ தேவாலயத்துக்கோ பின்னால் இருக்கும். பார்க்ஃபோர்நைட் செயலியில் வரைபடத்தோடு காட்டும். சில இலவசம், பலவற்றில் சிறு கட்டணம். பெரும்பாலும் முன்பதிவு கிடையாது, முந்தியவருக்கு இடம். ஆகஸ்டில் மாலை நான்கு மணிக்கே போய்ச் சேருங்கள். ஏழு மணிக்குப் போனால் குப்பைத் தொட்டிப் பக்கம்தான் மிஞ்சும்.

தண்ணீர் பிடிக்க ஒரு தூண் நிற்கும். சிலவற்றில் வங்கி அட்டை, சிலவற்றில் நாணயம். பழைய தூண்களில் 'ஜெத்தோன்' என்கிற வில்லைதான் போட வேண்டும், அதை ஊர் பேக்கரியிலோ சுற்றுலா அலுவலகத்திலோ வாங்க வேண்டும். ஒரு முறை பர்கண்டியில், ஞாயிறு மதியம் தொட்டி காலியாகப் போய் நின்றோம். பேக்கரி அடைத்துவிட்டது. திங்கட்கிழமை அதற்கு விடுமுறை. இட்லிப் பானையைப் புட்டித் தண்ணீரில் கழுவிய குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். அன்றிலிருந்து பாதித் தொட்டி இருந்தாலும் குழாயைக் கண்டால் நிரப்பிவிடுகிறேன்.

அத்தையின் மின்சார அடுப்பு வேண்டாம். இந்த இடங்களில் மின்சாரம் கிடைத்தாலும் பல இடங்களில் 6 ஆம்பியர்தான். 230 வோல்ட்டால் பெருக்கினால் 1,380 வாட். 2,000 வாட் அடுப்பைப் போட்ட உடனே இணைப்பு துண்டித்துவிடும். வண்டியிலுள்ள கேஸ் அடுப்பில் குக்கர் வைக்கச் சொல்லுங்கள். சோறு வடிக்கவும் வேண்டாம். கஞ்சி கழிவுநீர்த் தொட்டிக்குள் போனால், அந்த வெயிலில் இரண்டாம் நாள் வண்டியில் உட்கார முடியாது.

நெய் டின் வீட்டிலேயே இருக்கட்டும். 2021 முதல் பிரிட்டனிலிருந்து வருகிறவர்கள் பாலும் இறைச்சியும், அவற்றில் செய்தவையும், சொந்த உபயோகத்துக்குக்கூட ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது. இங்கே வெண்ணெய்க்குப் பஞ்சமில்லை, உருக்கிக்கொள்ளட்டும்.

ரைன்கரை:

போலீஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. தடைப் பலகை இல்லாத இடத்தில் நிறுத்தி வண்டிக்குள் தூங்குவது பிரான்சில் வெறும் பார்க்கிங்தான். நாற்காலி, மேசை, வண்டியின் பக்கவாட்டில் விரிக்கும் துணிக்கூரை மூன்றில் எது வெளியே வந்தாலும் அது முகாம் போட்டதாகிவிடும், கதவைத் தட்டுவது அதற்குத்தான். நான் இருக்கும் ஜெர்மனியில் ஓட்டுநரின் களைப்புத் தீரச் சாலையோரம் ஓர் இரவு நிறுத்தலாம். குரோஷியாவுக்கு இந்த நினைப்போடு போகாதீர்கள், அங்கே அபராதம்.

எலுமிச்சை ஊறுகாய்:

கிழவன் ஐயா சொன்னதெல்லாம் சரி, ஆனால் வயதானவரை வைத்துக்கொண்டு எல்லா இரவும் ஊராட்சி இடத்தில் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வண்டிக் கழிப்பறையில் கழிவு சேரும் பெட்டி இருபது லிட்டருக்குள்தான் பிடிக்கும். ஐந்து பேர் என்றால் இரண்டு நாள் தாங்காது. யார் காலி செய்வது என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுப் புறப்படுங்கள், எங்கள் வீட்டில் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. அவிஞ்ஞோனில் பார்த்தலாஸ் தீவு கேம்பிங்கில் இடம் விழுகிறதா என்று தினமும் பாருங்கள். ரோன் நதிக்கு அக்கரையில் பாதி உடைந்த பழைய பாலம் தெரியும்.

வழியில் ஓர் இரவு திராட்சைத் தோட்டத்தில் தங்குங்கள். பிரான்ஸ் பாசியோன் என்று 1993 முதல் நடக்கிற ஏற்பாடு. ஆண்டுச் சந்தா கட்டினால் விவசாயிகள் தங்கள் நிலத்தில் 24 மணி நேரம் இலவசமாக நிறுத்த விடுவார்கள். எதையும் வாங்கவேண்டிய கட்டாயமில்லை. போனதும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

வண்டியின் உயரம் என்ன? மூன்று மீட்டரைத் தொட்டால் சுங்கச் சாவடியில் மூன்றாம் வகுப்புக் கட்டணம், அதாவது கூடுதல்.

மான்செஸ்டர் மருமகள்:

3.08 மீட்டராம். எட்டு சென்டிமீட்டருக்குக் காசா! கால்சட்டைக் கதையைப் படித்துக் காட்டியதும் கணவர் பேச்சையே நிறுத்திவிட்டார். கழிப்பறைப் பெட்டி அவர் பொறுப்பு என்று எழுதி வாங்கிவிட்டேன். நெய்யை எல்லை தாண்டவிட மாட்டார்கள் என்றதும் அத்தை ஒரு நிமிடம்தான் யோசித்தார். இப்போது சமையலறையில் மைசூர்பாகு கிளறிக்கொண்டிருக்கிறார், புறப்படுவதற்குள் தின்று தீர்க்க வேண்டுமாம்.