புதுப்பிப்பு: பான் குலின் கடிதம், மூன்று படிகளில் எது மூலம்?

போன பதிவில் கேட்டிருந்தேன்: போஸ்னியாவை ஆண்ட பான் (ஆட்சியாளருக்கான பட்டம்) குலின், துப்ரோவ்னிக் என்ற கடற்கரை நகரத்தின் வணிகர்களுக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தின் மூன்று படிகளிலும் 1189 ஆகஸ்ட் 29 என்றே இருந்தால், எது மூலம் என்று எப்படிச் சொல்வது? சரி, துப்பு கையெழுத்தில்தான். பிற்காலத்தில் படியெடுப்பவர் பழைய தேதியையும், பானின் எழுத்தர் ராதோயே எழுதியது என்ற வரியையும்கூட அப்படியே இறக்கிவிடலாம், ஆனால் எழுத்தை வளைக்கும் விதம் அவர் பழகிய காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். மேலே லத்தீன், கீழே சிரிலிக் என்று ஒரே தோலில் எழுதிய, ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள படியையே பெரும்பாலான ஆய்வாளர்கள் மூலம் என்கிறார்கள். துப்ரோவ்னிக்கில் உள்ள இரண்டும் பிந்தையவை. அப்புறம் ஒன்று, எழுத்தமைதி, அதாவது எழுத்தை வளைக்கும் அந்த விதம், தோராயமான காலத்தைத்தான் தரும், அதிலிருந்து துல்லியமான ஆண்டைக் கறக்கப் பார்க்காதீர்கள்.