பெர்சியன் குட்டி வாங்கும் முன் விற்பவரிடம் என்ன கேட்பது?

கோவைக்காரன்:
பெர்சியன் பூனை வாங்க வீட்டில் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார்கள். இன்ஸ்டாவில் ஒருவர் 'டிரிபிள் கோட், செமி பஞ்ச்' என்று போட்டிருக்கிறார், அதாவது மூன்று அடுக்கு முடி, பாதி சப்பை மூக்காம். 45 நாள் குட்டி, பெங்களூரிலிருந்து பஸ்ஸில் ஏற்றி அனுப்புவாராம், முன்பணம் இன்றே போட வேண்டுமாம். தாய்ப் பூனையைப் பார்க்கலாமா என்றால் வீடியோ அனுப்புகிறேன் என்கிறார். நம்பலாமா?

நிலாப்பூனை:
45 நாளா? வேண்டாம். 2018-இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளே 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன, நல்ல பிரீடர்கள் (பூனைகளை இனப்பெருக்கம் செய்து விற்பவர்கள்) 12 வாரம் வரை தாயோடுதான் வைத்திருப்பார்கள். விளையாட்டில் எவ்வளவு பலமாகக் கடிக்கலாம் என்பதெல்லாம் தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும்தான் குட்டி கற்கும். டிரிபிள் கோட் என்பது விலையை ஏற்றக் கிளப்பிவிட்ட பேச்சு. நேரில் போய்ப் பாருங்கள். தும்மல், கண்ணில் பீளை, கூண்டில் மூத்திர வாடை இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், பாவம் பார்த்து வாங்கினால் அடுத்த ஈத்துக்கு நீங்கள்தான் முதல் போடுகிறீர்கள்.

மியாவ்_திருச்சி:
சிஎஃப்ஏ (பூனை இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கச் சங்கம்) பேப்பர் இருந்தால் போதாதா?

பூனைவீடு:
போதாது, அது வம்சாவளியை மட்டும்தான் சொல்லும். பெர்சியனில் முதலில் கேட்க வேண்டியது பிகேடி, அதாவது சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகும் பரம்பரை நோய். தாய், தகப்பன் இரண்டில் ஒன்றுக்கு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் வர பாதி வாய்ப்பு உண்டு. குட்டியாக இருக்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது, பெரும்பாலும் சில வருஷம் கழித்துத்தான் சாப்பாடு குறைந்து, இளைத்து, டாக்டரிடம் ஓடுவோம். இதற்குக் காரணமான மரபணுப் பிழையை 2004-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள், கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவி அனுப்பினால் டிஎன்ஏ சோதனையில் தெரிந்துவிடும். அதனால் 'எங்க பூனை சூப்பரா இருக்கு சார்' என்று சொன்னால் சரி என்று தலையாட்டாமல் இரண்டின் ரிப்போர்ட்டையும் கேளுங்கள். மெயின் கூன் என்ற வேறு இனப் பூனை என்றால் இதயத்துக்கு எக்கோ (ஸ்கேன்) ரிப்போர்ட்டும் வேண்டும். ரொம்பச் சப்பை மூக்கு வேண்டவே வேண்டாம், நம் ஊர் வெயிலில் மூச்சு விடவே திணறும்.

நிலாப்பூனை:
இன்னொன்று, நல்ல பிரீடர் உங்களையே குடைவார். ஜன்னலுக்கு வலை உண்டா, பகலில் வீட்டில் ஆள் இருப்பார்களா, தினமும் சீவிவிட முடியுமா என்று. பணம் எப்போது வரும் என்பதை மட்டும் கேட்பவரிடம் என்ன எதிர்பார்ப்பது?

கோவைக்காரன்:
ரிப்போர்ட் கேட்டேன், 'அதெல்லாம் ஃபாரின்ல சார்' என்கிறார். முன்பணம் போடவில்லை. கோவை பக்கம் சோதனை செய்து வளர்ப்பவர் யாராவது தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், இரண்டு மூன்று மாதம் காத்திருக்கவும் தயார்.