மறு: கில்ட்டுக்குத் தமிழ்ச்சொல் – 'ஊடுதையல்' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

கில்ட் (quilt), அதாவது துணிகளை அடுக்கிச் சேர்த்துத் தைக்கிற வேலைக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற இந்த மடலிழையை நாலு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பேசப்படுகிற சாமானையே மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்ததால் எழுத உட்கார முடியவில்லை. ஒன்றேகால் அடிக்கு ஓரடி, சுவரில் மாட்டுவதற்கு. நானே சாயம் ஏற்றிய காடாத் துணித் துண்டுகள், சென்னிமலையில் ஒரு பழைய தறியைப் பிரித்தபோது கிடைத்த விழுது நூல் (தறியில் பாவு நூலைத் தூக்கி இறக்குவது), ஒரு பஸ் டிக்கெட், கொஞ்சம் ஜரிகை. எல்லாம் அதில் இருக்கிறது.

> கரூரில் ஏற்றுமதிக்காரர்கள் 'கில்ட்' என்றேதான் சொல்கிறார்கள். அப்படியே வைத்துக்கொள்ளலாமே.

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா வந்து, "இதென்ன கண்ணு?" என்று கேட்டார். "ஆர்ட் கில்ட்டுங்கக்கா" என்றேன். "கில்ட்டு நகையாட்டமா?" என்றார். அவர் மேல் தப்பில்லை. தமிழில் கில்ட் என்ற நாற்காலியில் முலாம் பூசிய நகை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அசல் இல்லாதது என்ற பொருளோடு. ஒரு மாதம் உட்கார்ந்து தைத்ததை அந்தப் பேரில் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை.

> ஒட்டுப்போட்ட துணிதானே? 'ஒட்டுத்துணிக் கலை' போதும்.

இங்கேதான் எனக்குப் பெரிய தகராறு. ஒட்டு என்பது மேல்முகத்தில் மட்டும் நடக்கிற வேலை. எத்தனை துண்டை இணைத்தாலும் கிடைப்பது ஒரே ஓர் அடுக்குத் துணிதான். அதற்குக் கீழே பஞ்சோ பழைய துணியோ பரப்பி, அடியில் இன்னொரு துணி வைத்து, மூன்றையும் சேர்த்து ஊசி இறங்கி ஏறினால்தான் கில்ட். ஒட்டே இல்லாமல், ஒரே முழுத்துணியை மேலே போட்டுத் தையல் கோலத்தாலேயே அழகு காட்டுகிற கில்ட்டும் உண்டு. ஒட்டை வைத்துப் பேர் வைத்துவிட்டால் அதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? அமெரிக்காவில் 1989-இல் தொடங்கிய ஸ்டுடியோ ஆர்ட் கில்ட் அசோசியேட்ஸ் என்ற அமைப்பும், ஆர்ட் கில்ட்டை விளக்கும்போது அடுக்கு, தையல் இரண்டையும்தான் பிடித்துக்கொள்கிறது. துண்டு, ஒட்டு என்ற பேச்சே அந்த விளக்கத்தில் கிடையாது.

> 'மெத்தைத்தையல்'?

இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. கில்ட் என்ற சொல்லே லத்தீனில் மெத்தையைக் குறித்த குல்கிதாவிலிருந்து, பிரெஞ்சு வழியாக வந்ததுதான். ஆனால் அவர்களே அந்த மெத்தையை எப்போதோ மறந்துவிட்டார்கள். நாம் ஏன் இப்போது அதைத் தூக்கிச் சுமக்க வேண்டும்? சுவரில் தொங்குகிற படத்தை மெத்தை என்றால், அப்புறம் யாராவது சாய்ந்துகொள்ள வருவார்கள்.

> 'கந்தை' என்பது வங்காளத்துக் காந்தாவுக்கு உறவு. ஏன் கூடாது?

உறவுதான், மறுக்கவில்லை. வங்காளத்தில் காந்தா, மராட்டியத்தில் கோதடி, வடகர்நாடகத்தில் கவுதி என்று பழைய துணியை அடுக்கித் தைக்கிற வழக்கம் பல ஊரிலும் இருக்கிறது. ஆனால் கந்தை என்றதும் நம் காதில் 'கசக்கிக் கட்டு' என்பதுதான் விழும். கல்யாண வீட்டில் "ஒரு கந்தை கொண்டாந்தேன்" என்று யார் நீட்டுவது?

தையலுக்குப் பழைய சொல்லான 'துன்னம்' சொன்ன ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத் தெருவில் துன்னகாரர், அதாவது தையற்காரர், இருக்கிறார்கள். பொருநராற்றுப்படையில் பொருநன் உடுத்தியிருப்பது 'வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்'. வேற்றிழை நுழைந்த! வேறு நூல் உள்ளே புகுந்து தைத்த கந்தல். படித்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். ஆனாலும் துன்னம் என்பது எந்தத் தையலுக்கும் பொது. இந்த ஒரு தையலுக்கு மட்டும் அதை ஒதுக்கினால், ஒவ்வொரு முறையும் பக்கத்தில் உரை எழுத வேண்டிவரும். அந்த 'நுழைந்த'வை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நுழைவதுதான் இதில் விஷயம். என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) பழைய நூல் சேலையை நாலாக மடித்து, ஓரத்திலிருந்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போவார். வலக்கை மேலே இருக்கும், இடக்கை துணிக்கு அடியில். ஊசி முனை இடது சுட்டுவிரலில் லேசாகத் தட்டினால்தான் நாலு அடுக்கும் மாட்டியது என்று கணக்கு. தட்டவில்லை என்றால் உருவிவிட்டு மறுபடி குத்துவார். அந்த விரல் நுனி எப்போதும் சொரசொரவென்று இருக்கும். அவர் அதற்குத் தனிப்பேர் எதுவும் வைக்கவில்லை, 'தச்ச துப்பட்டி' அவ்வளவுதான்.

அதனால் என் பரிந்துரை 'ஊடுதையல்'. ஊடுருவு, ஊடுகதிர் என்பதில் வருகிற அதே ஊடு. தறிக்காரர்களுக்கு நீளவாட்டுப் பாவும் குறுக்கே ஓடுகிற ஊடையும் தெரியும், தோட்டக்காரர்களுக்கு ஊடுபயிர் தெரியும். எங்கள் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது. ஊடுதைத்தேன், ஊடுதைத்த துணி என்று வினையாகவும் வளைகிறது. போர்த்திக்கொள்வது ஊடுதையல் துப்பட்டி. மாட்டிவைப்பது ஊடுதையல் படம். 'ஓவியம்' என்று போடச் சிலர் ஆசைப்படுவார்கள். எனக்குப் படமே போதும்.

> வினைத்தொகையாகப் பிரித்தால் 'ஊடுகின்ற பெண்' என்றல்லவா வரும்? தையல் என்றாலே பெண்தானே!

முந்தாநாள் தனிமடலில் வந்த இதைப் படித்துவிட்டு வீட்டில் தனியாகச் சிரித்தேன். வரட்டும். மூன்றாவது முறை நூல் அறுந்த ராத்திரியில் அந்தப் பொருளும் சரியாகத்தான் இருந்தது.

அடுத்து மிக்ஸட் மீடியா, பலவகைச் சாமானைச் சேர்த்துச் செய்கிற கலை. 'கலப்பு ஊடகம்' வேண்டவே வேண்டாம், டிவியும் பேப்பரும் ஒரே முதலாளியிடம் போனது மாதிரி இருக்கிறது. 'பல்பொருள்' என்றால் அங்காடி பின்னாலேயே வருகிறது. 'கலப்புப்பொருள்' என்றால் நெய்யில் டால்டா. நான் 'கதம்பம்' என்று போடுவேன். மல்லி, மரு, கனகாம்பரம் என்று வேறுவேறு சாதிப் பூவும் இலையும் ஒரே நாரில் நிற்பதுதானே கதம்பம்? இங்கே நாருக்குப் பதில் நூல். கதம்ப ஊடுதையல்.

> 'கைச்சாயம்' கொஞ்சம் கரடுமுரடு. 'கைவண்ணம்' என்றால் அழகாக இருக்குமே.

கையால் சாயம் ஏற்றியதற்குத்தான் இந்தக் கைச்சாயம். கைவண்ணம் என்றால் யாருடைய கைத்திறமையும்தான். வண்ணம் துணியின் மேலே நிற்கும், சாயம் நூலுக்குள் இறங்கும். எங்கள் பக்கம் சாயம் என்ற சொல்லுக்குக் கெட்ட பேர் உண்டு என்பது தெரியும். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போடும் அளவுக்குச் சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டிருந்தது. நான் தைத்திருப்பதும் நொய்யல்தான், அதனால் சொல்லை மாற்ற மனமில்லை.

அந்த ஆற்றை எப்படிச் செய்தேன் என்றும் ஒருவர் கேட்டிருந்தார். காடாவைச் சலவைச் சோடா போட்டு வேகவைத்து அலசினேன். கடுக்காய்த் தூள் கரைத்த தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, நிழலில் உலர்த்தியபோது மங்கலான சந்தன நிறம். துரு ஆணியும் வெல்லமும் போட்டு இரண்டு வாரம் புளிக்கவைத்த தண்ணீரில் அதை முக்கியதும், கண் முன்னாலேயே சாம்பலாகி, கருத்துப்போனது. கடுக்காயின் டானினும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான். நொய்யல் மேல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரை அந்த நாளில் பார்த்தவர்களுக்கு ஆறு ஏன் கறுப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

கரை இரண்டுக்கும் ஈரோட்டு மஞ்சள். அதில் ஒரு கூத்து. ஊடுதையல் போடக் கோடு வரைந்திருந்தேன், அதை அழிக்கச் சோப்புத் தண்ணீர் தொட்டதும் மஞ்சளில் ஐந்து இடம் ஆரத்தி மாதிரி சிவந்துவிட்டது. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிற எல்லாருக்கும் தெரியும், எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. எலுமிச்சைச் சாறு தொட்டு நாலை மீட்டேன். ஒன்றை அப்படியே விட்டுவிட்டேன். ஆற்றோரத்துக் கோயில் பொட்டு போல இருந்தது. மஞ்சள் வெயிலில் வெளுக்கும் என்பதால் வடக்குச் சுவரில்தான் மாட்ட வேண்டும்.

மற்றவற்றுக்குப் புதுச்சொல் தேடவேண்டாம் என்று நினைக்கிறேன். மேல்முகம், நடு அடுக்கு, அடித்துணி. நடுவில் இருப்பதைப் 'பஞ்சு' என்று கட்டிப்போடாதீர்கள், நான் வைத்தது நைந்த துப்பட்டி. ஓரத்தைச் சுற்றி மடித்துத் தைப்பதற்கு மட்டும் 'கரைப்பட்டி'. சேலைக்குக் கரை, சட்டைக்குப் பட்டி, இரண்டும் டெய்லர் கடையில் ஏற்கெனவே இருக்கிற சொற்கள்.

ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. தைத்து முடித்ததும், தையலுக்கும் தையலுக்கும் நடுவே துணி சின்னச் சின்ன மேடாக உப்பி நிற்கிறதே, விரலால் தடவினால் உழவுச் சால் மாதிரி தெரிகிறதே, அதற்கு என்ன சொல்வது? 'புடைப்பு' என்றால் அடிபட்ட வீக்கம் போல இருக்கிறது. பவானியில் ஜமுக்காளம் நெய்கிறவர்களிடமோ பஞ்சு மெத்தை தைக்கிறவர்களிடமோ ஒரு சொல் இருந்தாலும் இருக்கும். அந்தப் பக்கம் போகிறவர்கள் கேட்டு எழுதுங்கள்.