இறங்கும்போது என்னென்ன நடக்கும், எங்கே பிசகும்: விண்வெளி வீரர்கள் திரும்பி வந்த அனுபவங்கள்

கஜகப்புல்வெளி:
ராக்கெட் கிளம்புவதைப் பார்க்க ஊரே கூடும். இறங்குவதைப் பார்க்க ஹெலிகாப்டர்காரர்கள்தான் இருப்பார்கள். ஆனால் ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் பறந்து உயிரிழந்த நான்கு பேருமே இறங்கும்போது போனவர்கள். ஏறும்போது ஒருவரும் இல்லை. அதனால் இந்த இழையில் இறக்கத்தை மட்டும் பேசுவோம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

சுமார் 400 கி.மீ. உயரத்தில் கலம் வினாடிக்கு 7.7 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. எந்திரத்தின் வாய் ஓடும் திசையைப் பார்க்கும்படி கலத்தைத் திருப்பி, 4 நிமிடம் 40 வினாடி போல எரிப்பார்கள். குறைவது வினாடிக்கு ஏறக்குறைய 128 மீட்டர்தான், இரண்டு சதவீதம்கூட இல்லை. அதுவே போதும்; சுற்றுப்பாதையின் தாழ்ந்த முனை வளிமண்டலத்துக்குள் இறங்கிவிடும். 140 கி.மீ. வாக்கில் கலம் மூன்று துண்டாகப் பிரியும். நடுத்துண்டுக்கு மட்டும்தான் வெப்பக் கவசம். வீரர்கள் அதில் இருப்பார்கள்.

அந்தத் துண்டு கல் மாதிரி விழுவதில்லை. எடை மையத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருப்பதால் சாய்ந்தபடி வரும், சற்றே தூக்குவிசை கிடைக்கும். சிறு உந்திகளால் கலத்தை உருட்டி அந்தத் தூக்கை மேலும் கீழும் திருப்பித்தான் இறங்கும் இடத்தைக் குறிவைக்கிறார்கள். இப்படி வந்தால் 4 முதல் 5 ஜி, அதாவது நம் எடையைப் போல் 4, 5 மடங்கு அழுத்தும். கணினி கைவிட்டால், கலத்தை மெதுவாகச் சுழலவிட்டுவிடும்; தூக்கு எல்லாத் திசையிலும் சமமாகி ஒன்றுமில்லாமல் போகும். அதற்குப் பெயர் பாலிஸ்டிக் இறக்கம். 8, 9 ஜி வரை போகும், குறித்த இடத்துக்கு 400 கி.மீ. முன்னாலேயே விழும்.

நெல்லை ராக்கெட்:
புல்வெளி அண்ணே சொன்ன பாலிஸ்டிக் இறக்கத்துக்கு நல்ல உதாரணம் சோயுஸ் டிஎம்ஏ-11, 2008 ஏப்ரல் 19. உள்ளே யூரி மாலென்சென்கோ, பெக்கி விட்சன், தென்கொரியாவின் யீ சோ-யியோன். பின்துண்டைப் பிடித்திருந்த வெடிபோல்ட்களில் (துண்டுகளைப் பிரிக்க வெடித்து அறும் போல்ட்கள்) ஒன்று வெடிக்கவில்லை. பின்துண்டு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டே வர, கலம் தலைகுப்புற வளிமண்டலத்துக்குள் நுழைந்தது. கவசம் இருக்க வேண்டிய பக்கம் வேறு, தீ பட்ட பக்கம் வேறு. சூட்டிலும் காற்றின் இழுப்பிலும் அந்த இணைப்பு அறுந்த பிறகுதான் கலம் தானாகத் திரும்பிக்கொண்டது. 8 ஜிக்கு மேல். அதற்கு முந்தைய டிஎம்ஏ-10-ம் இதே மாதிரி பாலிஸ்டிக்காகத்தான் வந்தது என்பதால், தற்செயல் என்று யாரும் தள்ளிவிட முடியவில்லை.

சரிசெய்தது எப்படி என்பதுதான் சுவாரசியம். அடுத்த கலம் டிஎம்ஏ-12 ஏற்கெனவே விண்வெளி நிலையத்தில் கட்டிக் கிடந்தது. 2008 ஜூலையில் செர்கெய் வோல்கோவும் ஒலெக் கோனோனென்கோவும் வெளியே போய், உயிருள்ள வெடிபோல்ட் ஒன்றைக் கழற்றி, வெடித்தாலும் தாங்கும் டப்பாவில் போட்டு உள்ளே கொண்டுவந்தார்கள். கையுறை போட்ட கையால் வெடிமருந்தைக் கழற்றும் வேலை!

இதே தலைகுப்புற நுழைவு 1969 ஜனவரியில் சோயுஸ் 5-ல் போரிஸ் வோலினோவுக்கும் நேர்ந்தது. கதவின் ரப்பர் விளிம்பு கருகும் வாடையே உள்ளே வந்தது. தரையில் மோதிய வேகத்தில் பல் உடைந்தது.

வால்வுதாசன்:
வெடிபோல்ட் வெடிக்காவிட்டால் இந்தக் கதை. எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்தால்? அதுதான் சோயுஸ் 11, 1971 ஜூன் 30. ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்க வேண்டியவை ஒன்றாக வெடித்த அதிர்ச்சியில், காற்றழுத்தச் சமன் வால்வு 168 கி.மீ. உயரத்தில் திறந்துகொண்டது. தரைக்குச் சில கி.மீ. மேலே வெளிக்காற்றை உள்ளே விட வேண்டிய வால்வு அது. கையால் திருகி மூட ஒரு நிமிடம் பிடிக்கும். அவ்வளவு நேரம் நினைவு தங்காது. டோப்ரோவோல்ஸ்கி, விளாதிஸ்லாவ் வோல்கோவ் (மேலே வந்தவர் வேறு வோல்கோவ்), பட்சாயேவ் மூவருமே அழுத்த உடை போடவில்லை. உடையோடு மூன்று பேர் உட்கார அங்கே இடமே இல்லை. கலம் மட்டும் பாராசூட் விரித்து அழகாக இறங்கியது.

அதன்பின் சோகோல் என்ற அழுத்த உடை கட்டாயம், ஆள் இரண்டு பேர்தான். மூன்றாவது இருக்கை திரும்பி வர 1980 ஆனது.

இன்னொரு வால்வு: 1975 ஜூலை 24, சோயுஸுடன் இணைந்து பறந்த அப்போலோ. பாராசூட் வரிசையைத் தானாக இயக்கும் சுவிட்சுகள் போடப்படவில்லை. அதனால் சிறு உந்திகளும் அணையவில்லை. வெளிக்காற்று வால்வு சரியான உயரத்தில்தான் திறந்தது, ஆனால் உந்திகள் கக்கிய நைட்ரஜன் டெட்ராக்சைடு புகையை உள்ளே இழுத்தது. கடலில் இறங்கிய பிறகு வான்ஸ் பிராண்ட் மயங்கினார். டாம் ஸ்டாஃபோர்ட் முகமூடியை எடுத்து மாட்டிவிட்டதால் பிழைத்தார். மூவருக்கும் இரண்டு வாரம் ஆஸ்பத்திரி. வால்வில் குற்றமே இல்லை, கவனியுங்கள்.

குடைவிரிப்பான்:
பாராசூட் பக்கம் நான் வருகிறேன். சோயுஸ் 1, 1967 ஏப்ரல் 24, விளாடிமிர் கோமரோவ். இழுப்புப் பாராசூட் வெளியே வந்தது, ஆனால் பெட்டிக்குள் இறுகிக் கிடந்த பெரிய பாராசூட்டை அதனால் உருவ முடியவில்லை. துணைப் பாராசூட் வந்தது, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த இழுப்புப் பாராசூட்டில் சிக்கி விரியாமல் போனது. பிறகு பெட்டியைப் பெரிதாக்கி உள்சுவரை வழவழப்பாக்கினார்கள். துணியில் இல்லை கோளாறு, பெட்டியில்.

சோயுஸில் ஒரே பெரிய பாராசூட், 1000 சதுர மீட்டர், சுமார் 10.7 கி.மீ.யில் வேலை தொடங்கும். அப்போலோவில் மூன்று. அப்போலோ 15 இறங்கும்போது மூன்றில் ஒன்று சுருங்கிப்போனது. மிச்ச எரிபொருளை வெளியேற்றியது கயிறுகளைப் பாதித்திருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. இரண்டே போதும் என்ற கணக்கு கடலில் நிரூபணமானது, கொஞ்சம் பலமான அடியோடு.

ஆளை அனுப்ப இந்தியா உருவாக்கும் ககன்யானும் அதே வழி, பெரிய பாராசூட் மூன்று. மொத்தம் பத்து: மேல்மூடியைக் கழற்ற 2, வேகம் குறைக்க 2, இழுக்க 3, பெரியவை 3. 2023 அக்டோபர் 21 ஸ்ரீஹரிகோட்டா சோதனையில் அத்தனையும் விரிந்தன. கலம் கடலில் கவிழ்ந்து மிதந்ததை வைத்துச் சிலர் கேலி பேசினார்கள். அப்போலோ 11-ம் கவிழ்ந்துதான் மிதந்தது. பந்து மாதிரி பைகளை ஊதி நிமிர்த்தினார்கள். நிமிர்த்தும் பை இல்லாமல் ஆளை அனுப்புவதுதான் தப்பு.

நெல்லை ராக்கெட்:
ககன்யான் என்றதும் எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வரி. பூமிக்குத் திருப்ப வேகத்தைக் குறைக்கும் வேலை அதன் பின்துண்டுக்கு. 440 நியூட்டன் எந்திரம் ஐந்து, 100 நியூட்டன் உந்தி பதினாறு. அந்த அமைப்பை எரித்துப் பார்த்தது மகேந்திரகிரியில்தான்.

கஜகப்புல்வெளி:
கடைசி ஒரு மீட்டரை விட்டுவிட்டீர்களே. பாராசூட்டில் வினாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வரும் கலத்தை, தரைக்கு ஒரு மீட்டருக்குள் வந்ததும் அடியில் உள்ள ஆறு திண்ம உந்திகள் தடுக்கும். காமாக் கதிரால் உயரம் அளக்கும் கருவி சொன்னால்தான் பற்றும். அதற்கு முன்பே இருக்கைகள் மேலே உயர்ந்து அதிர்ச்சி வாங்கத் தயாராகும். இருக்கை மெத்தையை ஒவ்வொருவர் முதுகுக்கும் தனி அச்சாக வார்ப்பார்கள். விண்வெளியில் முதுகெலும்பு சில சென்டிமீட்டர் நீளும் என்பதால் தலைப்பக்கம் இடம் விட்டே வார்ப்பார்கள்.

தரையைத் தொட்டதும் பாராசூட் கயிற்றை அறுத்துவிட வேண்டும், இல்லையென்றால் சோயுஸ் இறங்கும் கஜகஸ்தான் புல்வெளியின் காற்று கலத்தை இழுத்துக்கொண்டு ஓடும். 1976 அக்டோபரில் சோயுஸ் 23 இரவில், பனி உறைந்த தெங்கீஸ் என்ற கஜகஸ்தான் உப்பு ஏரியில் விழுந்தது. உப்புநீர் மின்தொடர்பில் புகுந்து துணைப் பாராசூட் தானாக வெளியே வந்தது. அது நீரில் ஊறிக் கனத்து கலத்தைச் சாய்க்க, கதவு தண்ணீருக்கு அடியில். சூடோவும் ரோஷ்தெஸ்த்வென்ஸ்கியும் இராமுழுக்க உள்ளேயே இருந்தார்கள். விடிந்த பிறகு ஹெலிகாப்டர் வந்தது. தூக்க முடியாத பாரம் என்பதால் கலத்தைக் கரை வரை தரதரவென்று இழுத்தே போனது.