குழந்தையின் எக்ஸிமாவைத் தூண்டுவது எது?

கேள்வி:
வணக்கம். நான்கு வயதாகும் என் மகனுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே எக்ஸிமா இருக்கிறது. முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் தோல் சிவந்து தடித்துவிடுகிறது. இரவில் தூக்கத்திலேயே சொறிந்துகொள்வதால் காலையில் படுக்கை விரிப்பில் இரத்தப் புள்ளிகள் தெரிகின்றன. உறவினர்கள் சொன்னபடி முட்டையையும் பாலையும் நிறுத்தியும் குறையவில்லை. எது இதைத் தூண்டுகிறது என்று எப்படிக் கண்டறிவது?

பதில் 1:
தூண்டும் பொருளைத் தேடும் முன் தோலின் நிலையைப் புரிந்துகொள்வது நல்லது. உடலின் ஈரத்தை வெளியே விடாமலும், உறுத்தும் பொருள்களை உள்ளே விடாமலும் காப்பது தோலின் மேலடுக்கின் வேலை. அதற்குத் துணைபுரியும் ஃபிலாக்ரின் என்னும் புரதத்தின் மரபணுவில் ஏற்படும் மாற்றங்கள் எக்ஸிமாவுக்கு வழிவகுக்கின்றன என்பது 2006இல் தெரியவந்தது. எக்ஸிமா உள்ள எல்லோருக்கும் அந்த மாற்றம் இருப்பதில்லை. ஆனால் இந்தக் காப்பு பலவீனமாக இருப்பது பொதுவாகக் காணப்படுவது. அதனால்தான் மற்றவர்களை ஒன்றும் செய்யாத சோப்பு, வியர்வை, கம்பளித் துணி, வறண்ட காற்று, தூசியில் வாழும் நுண்பூச்சிகள், சாதாரணச் சளிக் காய்ச்சல்கூட இக்குழந்தைகளுக்கு அரிப்பைக் கிளப்பிவிடுகின்றன. சொறியச் சொறியக் காப்பு மேலும் சிதையும். சிதையச் சிதைய அரிப்பு கூடும். ஆகவே ஒரே காரணத்தைத் தேடி அலைவதைவிட, குளித்ததும் துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுவதும் காய்வதற்குள் நறுமணம் சேர்க்காத ஈரப்பதக் களிம்பைத் தாராளமாகப் பூசுவதே முதல் வேலை என்பேன். வெந்நீரும் நுரைக்கும் சோப்பும் வேண்டாம்.

பதில் 2:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். உணவைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே உடலில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி ஆகியவை தோன்றினால் உணவு ஒவ்வாமை என்று ஐயப்படலாம். அவ்வாறு எதுவும் இல்லாதபோது பாலையும் முட்டையையும் நிறுத்துவது வளர்ச்சியைத்தான் பாதிக்கும். நெடுநாள் நிறுத்திய உணவை மீண்டும் கொடுக்கும்போது சில குழந்தைகளுக்குக் கடும் ஒவ்வாமை ஏற்படக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்குங்கள். தூண்டுபவற்றைக் குறித்துவைக்க விரும்பினால் அன்றைய நாளை மட்டும் பார்க்காதீர்கள். தோலில் பட்ட பொருளுக்கான ஒவ்வாமை இரண்டு மூன்று நாள் கழித்தும் வெளிப்படலாம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. மருத்துவர் ஸ்டீராய்டு களிம்பும் எழுதிக் கொடுத்திருக்கிறார். தோல் மெலிந்துவிடும் என்கிறார்களே, பூசலாமா?

பதில் 1:
தயங்காமல் பூசுங்கள். உடலின் அந்தப் பகுதிக்கு ஏற்ற வீரியத்தில், மருத்துவர் சொன்ன நாள்வரை பூசினால் தோல் மெலிவது அரிது. பயந்து பயந்து குறைவாகப் பூசுவதால்தான் பல குழந்தைகளின் புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே போகிறது. பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கிய களிம்பு, விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவுள்ள தோலுக்குப் போதும். மஞ்சள் பொருக்கும் நீர்க்கசிவும் தோன்றினால் கிருமித்தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சலுடன், ஒரே அளவிலான சிறு கொப்புளங்கள் வலியோடு வேகமாகப் பரவினால் அது ஹெர்ப்பிஸ் வைரஸாக இருக்கக்கூடும் என்பதால், மறுநாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.